பீப்பாவுக்குள் இரண்டாவது சத்தம்

ஜூன் 3, திங்கள்

காலையிலேயே வெயில். கடல் காற்று பதினோரு மணிக்குத்தான் வந்தது, கரித்தூளோடு. பேனாவுக்கு ரீஃபில் வாங்கினேன், நீலம். பழையது தீர்ந்துவிட்டது. நான் எழுதியே ஒரு ரீஃபில் தீர்ந்துவிட்டது. கடைக்காரரிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். அவர் ஒரு தடவைதான் சிரித்தார்.

முதியோர் எழுத்து வகுப்பு முடிந்து ஏழு மாதம். வயது அறுபத்தொன்பது. ஒரு வரி எழுத ஒரு டீ குடிக்கும் நேரம். ஆகட்டும்.

வேலை: மூடிப்போன மாவு மில்லுக்குப் பகல் காவல், திருவொற்றியூர். மில்லில் மிச்சம் இருப்பது சிமெண்டுப் பீப்பா ஒன்றுதான். கோதுமை கொட்டிவைக்கக் கட்டியது. அறுபதடி உயரம், உள்ளே காலி, உச்சியில் வட்டமாக வானம். பதினேழாம் தேதி இடிக்க மிஷின் வருகிறது.

பீப்பாவுக்குள் இரண்டு பேர் தினமும் வந்து சுவர் ஏறிப் பழகுகிறார்கள். ஸ்டெல்லா, ராயபுரம், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். தாஸ், டோல்கேட்டில் செல்போன் கடை. இடிக்கிற காண்டிராக்டர் தாஸுக்கு மாமா. அதனால் அனுமதி. அந்தக் காலத்து இரும்புப் படிகளைப் பிடுங்கிய ஓட்டைகளில் போல்ட் போட்டு, கல் மாதிரிப் பிடிகளை முடுக்கியிருக்கிறார்கள். ஏறுகிறவர் இடுப்பில் வார், அதில் கயிறு. அது உச்சி உத்தரத்து வளையம் வழியாக இறங்கிக் கீழே நிற்பவர் கைக்கு வரும். விழுந்தால் அவர் பிடித்துக்கொள்வார்.

முழுப் பெயர் எழுத நேரமாகிறது. இனி ஸ்டெ. என்றால் ஸ்டெல்லா, தா. என்றால் தாஸ். ஒரு எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தால் ஒரு ஆள் வந்து நிற்கிறார். நல்ல வித்தை.

ஜூன் 4, செவ்வாய்

முழங்கால் வலி. தண்ணீர் லாரி வரவில்லை.

நான் எழுதுவதைத் தா. பார்த்துவிட்டான். "இன்னா பெர்சு, எங்க மேல கேஸு எயுதிகினு கீறியா?" ஆமாம், இரண்டு பேருக்கும் ஜாமீன் கிடையாது என்றேன்.

இன்று கற்ற சொற்கள்: ஸ்டேட்டிக், டைனமிக். ஸ்டெ. எழுதிக் காட்டினாள். நான்கு தடவை எழுதிப் பார்த்தேன்.

ஸ்டெ. ஏறுவது ஸ்டேட்டிக். கை கால் நான்கில் மூன்று நிற்கும், ஒன்று நகரும். இடுப்பைச் சுவரோடு ஒட்டி, கால் நுனியைத் திருப்பி ஊன்றி, கையை மேலே வைப்பாள். பூ வைப்பது போல வைப்பாள். பிடி பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொண்டு திரும்பி வருவாள். சத்தமே இல்லை.

தா. டைனமிக். குனிந்து, கையைத் தொங்கவிட்டு, ஒரு ஆட்டம், ஒரு தாவல். அப்போது நான்கும் சுவரில் இருக்காது. மேலே போனது கீழே திரும்பாத ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் உடம்புக்குக் கனம் இல்லையாம். அதில்தான் பிடிக்க வேண்டுமாம்.

இருவருக்கும் தினமும் இதே சண்டை. பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு யோசித்தால் முன்னங்கை வீங்கிக் கல்லாகிவிடும் என்கிறான் அவன். தாவியபின் யோசிக்க முடியுமா என்கிறாள் இவள். சண்டைக்குக் காரணம் நாற்பதடியில் ஒரு இடைவெளி. அங்கே சிமெண்டு பெயர்ந்திருப்பதால் பிடி போட முடியவில்லை. தா. தாவிக் கடந்துவிட்டான். ஸ்டெ. நான்கு மாதமாக எட்டிப் பார்க்கிறாள், இரண்டு விரல் எட்டவில்லை. இடிப்பதற்குள் கடக்க வேண்டும், அதுவும் தாவாமல். பதின்மூன்று நாள் இருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

மேகம். மழை இல்லை. மணலி ஆலைப் பக்கத்து வாடை.

ஒன்று கவனித்தேன். தா. இடைவெளியில் தாவினான். கை பிடியை அறைந்தது. தப். கொஞ்சம் கழித்து, அவனுக்கு மேலே, இன்னொரு தப்.

எதிரொலி என்றுதான் நினைத்தேன். கீழே நின்று கை தட்டிப் பார்த்தேன். எதிரொலி உருண்டு உருண்டு ஆறேழு தடவை வந்து தேய்ந்துபோனது. அந்த இரண்டாவது தப் உருளவில்லை. ஒன்றே ஒன்று. ஈரக் கை அறைவது போல.

தா. தாவியது ஐந்து தடவை.
இரண்டாவது சத்தம் ஐந்து தடவை.
ஸ்டெ. ஏறியபோது இல்லை.

பயமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. வெளியூர் போனவர் வீடு திரும்பி வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஜூன் 8, சனி

இந்தப் பெயரைச் சுருக்க மாட்டேன். கன்னியப்பன்.

எழுதிவிட்டேன். இதை எழுதுவது வாழ்நாளில் முதல் தடவை. அழகான பெயர். எழுதிய பிறகுதான் தெரிகிறது.

முப்பத்தொரு வருடம் ஆகிறது. வருடா வருடம் கோதுமை வருமுன் இதே பீப்பாவுக்குள் சுண்ணாம்பு அடிப்போம், நானும் கன்னியப்பனும். சுவரில் அப்போது இரும்புப் படிகள். நாற்பதடியில் இரண்டு படி துருப்பிடித்துச் சிமெண்டோடு பெயர்ந்து விழுந்தது. மில்லில் சொன்னோம். புதுப் படி போடவில்லை. நான் நெடிய ஆள். காலைத் திருப்பி ஊன்றி, விரல் மேல்படியில் பட்ட பிறகுதான் கீழ்க்கையை விடுவேன். கன்னியப்பன் குள்ளம். தாவுவான். தப். சுண்ணாம்புக் கை.

அன்று நான் மேலே, அவன் கீழே. "ஏழு, கை ஈரமா கீது. ஒரு கை குடு" என்றான். என் பெயர் ஏழுமலை, அவனுக்கு ஏழு. நான் இரண்டு கையாலும் படியைப் பிடித்திருந்தேன். மூன்று நிற்க ஒன்று நகர வேண்டும். அன்று நான்கும் நின்றுவிட்டது. கொடுப்பேன் என்று நம்பி அவன் தாவிவிட்டான்.

போலீஸிடம் வழுக்கிவிட்டான் என்றேன். அவன் மனைவியிடமும் அதுதான். இன்று வரை யாரிடமும் சொல்லாததை எழுதியிருக்கிறேன். எழுத்து தெரிவது எவ்வளவு நல்லது. வாய் வேண்டியதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மகள் வீட்டில் நெத்திலிக் குழம்பு. நோட்டைக் கேட்டாள். கொடுக்கவில்லை. காதல் கடிதமா என்கிறாள். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

ஸ்டெ. இன்று மூன்று தடவை ஏறினாள். மூன்று தடவையும் அதே இடம். வலது காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்து, இடது கையால் அழுத்தி, உடம்பு முழுவதையும் ஒரு விரலாக்கி நீட்டினாள். இரண்டு விரல் எட்டவில்லை. இருபது எண்ணும் வரை அப்படியே நின்றாள். பிறகு கை திறந்துகொண்டது. கயிற்றில் தொங்கினாள்.

இறங்கியதும் முகத்தைத் துடைத்தாள். வெள்ளையாக ஏதோ உதிர்ந்து கண்ணில் விழுந்ததாம். அவர்கள் கையில் தேய்க்கும் பொடிதான் என்றான் தா. நான் அவள் துடைத்த துணியை முகர்ந்து பார்த்தேன். சுண்ணாம்பு. பழைய சுவர், உதிரும். ஆனால் ஈரமாக இருந்தது.

"மேல யாரோ எட்டிப் பாக்கற மாதிரியே கீது தாத்தா" என்றாள், தண்ணீர் குடித்துக்கொண்டே, சாதாரணமாக. உச்சியில் புறா இருக்கும் என்றேன். புறா இல்லை. காக்கைகூட அதற்குள் வருவதில்லை.

அவள் போன பிறகு வெறும் பீப்பாவுக்குள் போய் நின்றேன். ஐந்து மணி வெளிச்சம். மெதுவாக, கன்னியப்பா என்று கூப்பிட்டேன். பெயர் உருண்டு தேய்ந்தது. அப்புறம் ஒரு தப்.

சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், தைலம், ஒரு நோட்டு (கோடு போட்டது).

தா. இனி வர மாட்டான். நான்கு மணிக்கு ஏறினான், ஸ்டெ. கயிறு பிடித்தாள். இடைவெளியில் தாவியவன் பிடியைப் பிடிக்காமல் கையை மார்போடு இழுத்துக்கொண்டான். கயிற்றில் விழுந்து சுவரில் மோதினான். தோளில் சிராய்ப்பு. கீழே வந்ததும் வாரைக் கழற்றி எறிந்துவிட்டு என்னிடம் வந்தான். உதடு வெளுத்திருந்தது.

"கைய நீட்னான் பெர்சு. புட்ச்சிக்கோன்னு நீட்னான்."

வெள்ளைக் கையா என்று கேட்டேன். என்னைப் பார்த்தான். "உனுக்கு எப்டி தெரியும்?" பதிலுக்கு நிற்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஸ்டெ. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டு நாள், கயிறு பிடிக்க ஆள் இல்லை என்றாள். பயமில்லையா என்று கேட்டேன். கை நீட்டுபவனிடம் என்ன பயம், தள்ளிவிடுபவனிடம்தான் பயம் என்றாள். டீச்சர் அல்லவா.

சனி விடிந்த பிறகு தோன்றியதை இதன் கீழேயே சேர்க்கிறேன்: அன்று கை கேட்டவன் இன்று கை கொடுக்கிறான். கொடுக்காதவன் நான் ஒருவன்தான்.

ஜூன் 16, ஞாயிறு

காலை எட்டு மணி. கடல் காற்று சீக்கிரமே வந்துவிட்டது. இடிக்கிற மிஷின் நேற்றே வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறது, மஞ்சள் நிறம்.

ஸ்டெ. தனியாக வந்தாள். "தாத்தா, நீ கயிறு புடிப்பியா?" எட்டு எண் போன்ற இரும்பு ஒன்று இருக்கிறது, கயிறு அதில் வளைந்து வரும், கனத்தை அது தாங்கிக்கொள்ளும். நான்கு தடவை செய்து காட்டச் சொன்னாள். காட்டினேன். என் இடுப்பில் வாரைக் கட்டிச் சுவரோரம் ஒரு கம்பியில் மாட்டினாள். கனத்தில் அவளைப் போல ஒன்றரை மடங்கு நான். சரியாகத்தான் இருந்தது.

ஏறினாள். சத்தமில்லை. கயிறு மட்டும் என் கையில் பாம்பு மாதிரி ஊர்ந்தது. முப்பதடி. நாற்பது. காலைத் தூக்கி வைத்தாள், நீட்டினாள். இரண்டு விரல்.

திரும்பி வரவும் இல்லை, விழவும் இல்லை. அவள் முழங்கை ஆடுவது எனக்குக் கீழிருந்தே தெரிந்தது. "எட்டல தாத்தா" என்றாள், அழுகிற குரல் இல்லை, கணக்குச் சொல்கிற குரல்.

என் வாயிலிருந்து வரும் என்று நான் நினைக்காதது வந்தது. "தாவும்மா. மேல ஆள் கீது."

பிறகு அவள் இடுப்பு கீழே இறங்கி, ஒரு ஆட்டம். நான்கும் சுவரை விட்டது. நான் கயிற்றை இறுக்கினேன். தப்.

இரண்டாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை.

ஒரு கையில் தொங்கினாள், அடுத்த கையை வைத்தாள், காலை வைத்தாள். பிறகு தன் வழக்கப்படி, வைத்து வைத்துப் போய் உத்தரத்தைத் தொட்டாள். அங்கிருந்து என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. "எறக்கு தாத்தா" என்றாள்.

இறக்கினேன். முதல் இழுப்பிலேயே தெரிந்தது. ஐம்பது கிலோ இருப்பாளா. கயிறு அப்படி இல்லை. சுவரில் காலை ஊன்றிக்கொண்டேன், கம்பி முனகியது. இரண்டு ஆள் கனம். அவசரப்படவில்லை. ஒவ்வொரு அடியாக, கை எரிய எரிய, மெதுவாக இறக்கினேன். கண் நிறைந்துவிட்டது, ஆனால் கை விடவில்லை.

ஸ்டெ.யின் கால் தரையில் பட்டது. முடிச்சை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் எறங்கிட்டேனே. இன்னும் யாருக்கு வுட்டுகினு கீற?"

கயிறு இறுகியே இருந்தது. இன்னும் ஒரு ஆள் உயரம் விட்டேன். அப்போதுதான் தளர்ந்தது.