பூக் கொட்டமுன் போய்ப் பார்

குருநகர்,
குருத்தோலை ஞாயிறு.

அன்பு மகள் அன்ரனிற்றாவுக்கு அப்பா எழுதுவது. எங்கள் கோயில் யாகப்பர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணையும் சுகம். நீயும் சுகமென்று நீதான் சொல்கிறாய், எனக்கு நம்பிக்கையில்லை. போனில் கதைத்தால் "ஓம் அப்பா, வகுப்புக்கு நேரம் போகுது" என்று வெட்டிவிடுகிறாய், அதுதான் கடிதம். தபாலில் போட்டால் ஒசாக்காவுக்கு வந்துசேரமுன் செரிப் பூவெல்லாம் கொட்டிவிடுமென்று அண்ணை சொல்கிறான், அதனால் இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பெரிதாக்கி வாசி. இங்கே கடல் ஒரு கிழமையாக நல்லது, நேற்று வலையில் றால் பட்டது. றெஜினா மாமிக்கு முழங்கால் உளைவு, வாய்க்கு ஒரு குறையுமில்லை.

உன் அறையில் இருக்கிற நெல்லியடிப் பிள்ளை வசந்தினி நேற்று எனக்குப் போன் எடுத்தாள். படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் பாயும் சாப்பாடும் கொண்டுபோய்ச் செரி மரங்களுக்குக் கீழே இருந்து சிரித்துக் கதைக்கிறார்களாம், நீ மட்டும் "அம்மாவின்ரை ஆண்டு முடியேல்லை, நான் வரேல்லை" என்று யன்னலையும் சாத்திவிட்டு இருக்கிறாயாம். நீ அங்கே போன நாள்தொட்டு ஒரே கறுப்புச் சட்டை, இவளுக்கு வேறு உடுப்பே இல்லையோ என்று அங்கே கேட்கிறார்களாம். அடி விசரி! ஆவணியில் எங்களை விட்டு மோசம்போன அந்த மனுசி பூ என்றால் எப்படிப் பறந்தவள் என்று உனக்குத் தெரியாதா? கலியாண வீட்டுக்குப் போனாலும் வளவில் நிற்கிற பூக்கன்றில் ஒரு கொப்பு முறிக்காமல் வரமாட்டாள், எனக்கு மானம் போகும். அவள் இருந்திருந்தால் உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

அதனால் இன்று பூசைக்கு வெளிக்கிடமுன் என் சேட்டுப் பையில் துக்கத்துக்குக் குத்தியிருந்த கறுப்புத் துண்டைக் கழற்றிவிட்டேன். பொய் சொல்லமாட்டேன் பிள்ளை, அழுதுவிட்டேன். கோயில் வாசலில் றெஜினா மாமி குருத்தோலையால் அடிக்காத குறையாக, "அண்ணை, ஆண்டு முடியமுன்னம் கழட்டினால் சனம் என்ன கதைக்கும்?" என்று நின்றாள். "சனம் கதைக்கட்டும், என்ரை பிள்ளை அங்கை அறைக்குள்ளை கிடந்து வாடுது" என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டு போனவள், மத்தியானம் மீன்குழம்பு கொடுத்துவிட்டிருக்கிறாள். ஆகவே அவளுக்கும் கோபமில்லை.

இந்த வீட்டுக்குப் பெரியவன் நான், துக்கத்தை நான் முடித்துவைத்துவிட்டேன். உன் பயணத்துக்கென்று அம்மா ஆசையாக எடுத்துவைத்த நீலச் சட்டை இன்னும் விலைத்துண்டோடு உன் பெட்டிக்குள் கிடக்கிறதாம். அதைப் போட்டுக்கொண்டு வசந்தினியோடு போ. போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. அழுது வீங்கின முகமென்றாலும் பரவாயில்லை, மரத்துக்குக் கீழே நிற்கவேண்டும்.

குளிருக்கு மேலே ஏதும் போடு. உயிர்த்த ஞாயிறுப் பூசையைத் தவறவிடாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டா, என் ஆசீர் எப்பவும் உண்டு. இதை வாசித்துக்கொண்டு கட்டிலில் கிடக்காதே, எழும்பு.

போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
அப்பா
சிமியோன்