எத்தனை டம்ளர்?

மார்ச் 11, செவ்வாய், பகல் 2.40. பனிக்குட நீர் அளவு 34 சென்டிமீட்டர். இருபத்தைந்துக்கு மேல் போகக்கூடாது.

மாமாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. அக்காவுக்கு இது முப்பத்தோராவது வாரம். படுத்தால் மூச்சு முட்டுகிறது. பத்து நாளாக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறாள். பொறுக்காமல், முன்பு ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவிடமே நான் கூட்டி வந்தேன். இன்று வயிற்றில் ஊசி குத்தி ஒன்றரை லிட்டர் வடித்தார்கள். குடுவை நிறைய நிறைய என் கையை இறுக்கிக்கொண்டு, இனிமேல் தண்ணியே குடிக்க மாட்டேன்னு மாமாகிட்ட சொல்லிடுடா என்றாள்.

தண்ணீர் குடித்துத்தான் வயிறு ஊதுகிறது என்று, தினமும் அங்கிருந்து போனில் எத்தனை டம்ளர் குடித்தாள் என்று கேட்டீர்களே, அதன் பலன். உதடு வெடித்துக் கிடக்கிறது. உங்கள் அம்மா தண்ணீர் பாட்டிலையே ஒளித்து வைத்தார். நானும் யோக்கியன் இல்லை. தண்ணி லாரி வருது, வழி விடுங்க என்று அவளைக் கேலி செய்தவன்தான்.

குடிக்கிற தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். அந்த நீரைக் குழந்தை விழுங்கித்தான் குறைக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு உணவுக்குழாய் பாதியில் அடைபட்டிருக்கும் என்கிறார். பம்ப் ஹவுஸில் வேலை பார்க்கிற எனக்கே, போகிற வழி அடைத்தால் தொட்டி வழியும் என்பது உறைக்கவில்லை. பிறந்ததும் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுமாம். சர்ஜன் இல்லாத இடத்தில் பிறந்தால், முதல் வாய்ப் பாலே எமன்.

இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று எகிறினேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். இருபத்துநாலாவது வாரமே உங்களுக்கு மெயில் போயிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்கிறோம் என்று பதிலும் போட்டிருக்கிறீர்கள். காட்டியது உங்கள் அம்மா வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில். ஏழு வாரம், மாமா. தெரிந்துகொண்டே டம்ளர் எண்ணினீர்கள்.

தன் வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அக்கா இன்னும் நம்புகிறாள். இதையும் மெயிலில்தான் அனுப்புகிறேன். மெயில் படிப்பீர்கள் என்று தெரிந்துவிட்டதே.

உங்கள் மச்சினனாக நான் எழுதுகிற கடைசிக் கடிதமாக இது ஆகிவிடக்கூடாது. இனி நான் செய்யப்போவது:

1. நாலு மணிக்கு ஆம்புலன்ஸில், சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அவளை மாற்றுகிறேன். உங்கள் அம்மாவிடம் கேட்கப்போவதில்லை.

2. படிவத்தில் ‘கணவர்’ என்பதை அடித்து, ‘தம்பி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

3. அவள் கேட்கிறபோதெல்லாம் தண்ணீர் கொடுக்கிறேன்.

4. ஆறு மணிவரை வாயைத் திறக்காமல் இருக்கிறேன். அதற்குள் நீங்களே போன் செய்து, உன் தப்பு இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நான் சொன்னால், மெயிலையும் சேர்த்துத்தான் சொல்வேன்.