வாய் திறக்காத ஜிலேபி மீன்

வேங்கிக்கால்

என்னங்க,

நீங்கள் சிமென்ட் தொட்டியில் விட்டுப்போன ஜிலேபி மீன்களில் பெரியது, ஒரு வாரமாகப் போட்ட பொரியைத் தொடவில்லை. தாடை வேறு வீங்கியிருந்தது. நோய் என்றே நினைத்தேன். எதிர்வீட்டு ராணியம்மாள் அக்கா எட்டிப் பார்த்து, "பௌர்ணமி வருதில்ல, கிரிவலம் போக விரதம் இருக்குதுடி" என்று சிரித்தார்.

நேற்றுக் காலை அது வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து கூட்டமாகக் குஞ்சுகள்! என் நிழல் தண்ணீரில் விழுந்ததும் அத்தனையும் திரும்ப வாய்க்குள் ஓடின.

யூடியூபில் தேடினேன். முட்டையிட்டதும் தாய் வாயில் அள்ளிக்கொள்ளுமாம். குஞ்சு பொரித்த பிறகும் அங்கேயே வைத்துக் காக்குமாம். அதுவரை இரை எடுக்காதாம். அவ்வளவு பசியில் ஒன்றைக்கூட விழுங்காமல் எப்படித்தான் இருக்கிறதோ!

"போன்ல ஏன் சரியாவே பேச மாட்டேங்கிற, எம்மேல கோவமா?" என்று கேட்டீர்களே. கோபமெல்லாம் இல்லை. போன முறை இரண்டாம் மாதமே ஊரெல்லாம் சொல்லிவிட்டோம். பிறகு அதே ஊர் துக்கம் விசாரிக்க வந்தது.

இந்த முறை உங்களுக்கு மட்டும்தான். அதையும் எழுதித்தான் அனுப்புகிறேன். வாயை இன்னும் திறக்கவில்லை.

இப்படிக்கு,
நாங்கள்