கயிறு தீர்ந்தும் மறையாத தட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

நம் ஏரிக்கரை வீட்டைப் பார்க்க நேற்று தரகர் ஒரு தம்பதியை அழைத்து வந்தார். விலை படிந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேனே, அதன்படியே நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன். காபிகூடக் கொடுத்தேன்.

"வெயில் வந்தா தண்ணி பச்சையாகி நாறுமாமே?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி; வீடு விலை போகாமல் நம்மிடமே தங்க அந்த நாற்றம் போதுமே. "வாங்க, பார்த்துடலாம்" என்று எல்லோரையும் படகில் ஏற்றி, நான் வேலை பார்க்கும் நீர் ஆய்வகத்து வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். தண்ணீர் எவ்வளவு கலங்கலோ, தட்டு அவ்வளவு சீக்கிரம் மறையும். போன வருடம் முழங்கை ஆழத்திலேயே மறைந்தது. ஏரியில் கலந்த சாக்கடையை வேறு பக்கம் திருப்பிவிட்டது இவ்வளவு வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை. நேற்று பதினைந்து அடிக் கயிறும் தீர்ந்தது. தட்டு பளிச்சென்று தெரிந்தது.

"அடேயப்பா, கண்ணாடி மாதிரி இருக்கே!" என்றார் அம்மாள். என் முகம் தொங்கிவிட்டது.

தரகர் அந்த அம்மாளின் கணவர் பக்கம் திரும்பினார். "சார், நான் சொன்ன விலை பச்சைத் தண்ணிக்கு. இதுக்கு ஒண்ணரை மடங்கு ஆகும்."

"கரைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள இன்னும் ஏத்துவீங்களா?" என்றார் கணவர். இறங்கியதும் மனைவியோடு கிளம்பிவிட்டார்.

தரகர் இனி வசதியானவர்களாகப் பார்த்துக் கூட்டி வருவார். அதற்குள் நீ ஒருமுறை வந்து நீந்திவிட்டுப் போ. நாற்றத்தால்தான் வரவில்லை என்று எட்டு வருடமாகச் சொல்கிறாய். இனி நீ வேறு காரணம்தான் தேட வேண்டும்.

அன்புடன்,
உன் தங்கை