எல்லோரும் எழுந்து நின்றபோது

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை, மழை வந்தால் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. போன் பண்ணினால் நீ "ம்", "சரிம்மா" என்று இரண்டே வார்த்தையில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்த படிப்பு உனக்குத் தெரியும்.

நேற்று நீ வரைபடம் போட்டுக் கட்டிய ஸ்டேடியத்தில் மேட்ச் பார்த்தேன். ஆமாம், நானேதான். திறந்ததிலிருந்து அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிப் போனவள். மாடிவீட்டு அக்கா விடவில்லை. முதலில், மேட்ச் இல்லாத நாளில் கேலரிக்கு அடியில் நடக்கலாம் வா என்று இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வெயிலும் படவில்லை, மழையும் படவில்லை. ஒரு பக்கம் நூலகம். இன்னொரு பக்கம் கை கால் வராதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறை. அதன் வாசலில் நின்று அப்பாவை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். பிறகு நடந்தேன். இப்போது தினமும் போகிறேன். அப்புறம், பெண்களுக்கு எத்தனை கழிப்பறை வைத்திருக்கிறாய்! மேட்ச் இடைவேளையில்கூட வரிசை இல்லை. இதற்கே உன் மகளுக்குக் கிரீடம் வைக்கலாம் என்கிறாள் அக்கா.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போன துக்கத்துக்கு வந்த பெரியப்பா, "சக்கர நாற்காலிக்காரர்கள் உட்காரும் அந்த மேடையை இடித்துத் திரும்பக் கட்டாமல் இருந்திருந்தால் தம்பி திறப்பு விழாவைப் பார்த்துவிட்டுப் போயிருப்பான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நீ மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அந்தச் சொல்லும் உன்னோடு பஸ் ஏறிவிட்டது, எனக்குத் தெரியாதா?

பழைய ஸ்டேடியத்தை நினைத்துப் பார். கோல் விழும் நேரம் முன்னால் இருப்பவர்கள் எல்லாம் எழுந்துவிடுவார்கள். சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவுக்கு முதுகுதான் தெரியும். மேட்ச் எப்படி என்று கேட்டால், தையல்காரர் அல்லவா, முன்னால் நின்றவன் சட்டைக்குத் தோள் கோணல் என்பார். நாம் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஆனால் ஒரு கோலையும் அவர் பார்த்ததில்லை. நீ கட்டிய மேடையும் முதலில் உயரம் குறைவாகத்தான் அமைந்தது. உட்கார்ந்திருப்பவர்களின் தலையை மட்டும் கணக்கு வைத்துவிட்டோம், நிற்பவர்களை மறந்துவிட்டோம் என்று நீதானே தலையில் அடித்துக்கொண்டு, அதை இடித்து உயர்த்திக் கட்டினாய்?

நேற்று அந்த மேடையில்தான் உட்கார்ந்தேன். சக்கர நாற்காலிக்கு விட்ட இடத்துக்குப் பக்கத்தில், கூட வருகிறவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறாயே, அதில். காவல்காரர் வந்து, யார்கூட வந்தீங்கம்மா என்று கேட்டார். நான் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் காலிழந்த லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். என்கூடத்தான் வந்தாங்க, நீ போய்யா என்று அவரை விரட்டிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கோல் விழுந்தது. முன்வரிசை மொத்தமும் எழுந்தது. நான் உடனே டிரைவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் எல்லாத் தலைக்கும் மேலே, நேரே மைதானத்தில் இருந்தது. உள்ளே போயிடுச்சு, உள்ளே போயிடுச்சு என்று கத்திக்கொண்டே என் தோளில் ஓர் அடி போட்டார். இன்னும் வலிக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்த நெஞ்சு அப்போதுதான் திறந்தது.

அவசரப்பட்டுத் திறந்திருந்தால் அப்பா வந்திருப்பார், சரி. வந்து எதைப் பார்த்திருப்பார்? மகள் கட்டியதிலும் முதுகைத்தான். இன்று காலை இதைப் பெரியப்பாவிடமே போனில் சொன்னேன். அவர் மெல்ல, எனக்கும் ஒரு டிக்கெட் கிடைக்குமா என்றார்.

அப்பா போனது அவர் காலம் முடிந்ததால். அதில் உன் கை இல்லை. லீவு கிடைத்தால் வா, என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேட்ச் பார். அழுகை வந்தால் அழு, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

இனியாவது நிம்மதியாகத் தூங்கு. நீ நல்லா இருக்கணும் கண்ணு.

உன் அம்மா