சாந்தோம் அரண்மனை வாசலில்

அன்புள்ள பாப்பா,

செவ்வாய்க்கிழமை காலை அம்மா போய்விட்டாள். அரண்மனையை விற்ற நாளிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை; அதனால் எழுதுகிறேன்.

அது ராஜாவாக இருந்த நம் கொள்ளுத்தாத்தா கட்டியது. ஒரு காலத்தில் நாற்பது பேர் சாப்பிட்ட அந்த வீட்டில், கடைசியாக அம்மாவும் நானும்தான் இருந்தோம். கூரை இடிந்து விழ ஆரம்பித்திருந்தது.

விற்றதை அம்மாவிடம் சொல்லவே இல்லை. "வெள்ளையடிக்கிறாங்கம்மா" என்று சொல்லித்தான் வேளச்சேரி ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்தேன். "இன்னுமாடா முடியலை?" என்று இரண்டு வருடமாகத் தினமும் கேட்டாள்.

அம்மாவை மயானத்துக்குக் கொண்டுபோகும்போது, வண்டியைச் சாந்தோம் வழியாக விடச் சொல்லி, நம் வாசலில் நிறுத்தினேன். தகரத் தடுப்புக்குப் பின்னால் பெரிய பள்ளம்தான் இருந்தது.

"யார்னா ஏறணுமா சார்?" என்று டிரைவர் கேட்டார்.

"தங்கச்சி வரணும்" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

பாவம், அவரும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

உன் அண்ணன்