நீ சொல்லிக்கொடுத்த ஐந்து சொற்கள்

ஞாபகப் பரிசோதனைக்குக் கிளம்பும் முன் இன்று காலை பழைய சீட்டுகளைத் தேடினேன். நம் இருவருடைய ஸ்கேன் உறைகளும் கையில் வந்தன. உன்னுடையதையும் நான்தான் பத்திரப்படுத்தினேன். நீ எதையும் ஒழுங்காக ஓரிடத்தில் வைத்தவன் அல்ல.

அந்த ஸ்கேன் எடுத்த காலத்தில் எனக்குப் பெயர்கள் நழுவத் தொடங்கியிருந்தன. பக்கத்து வகுப்பில் காலமெல்லாம் பாடம் நடத்திய உன் பெயரே ஒருநாள் வாயில் வரவில்லை. புத்தி போய்விடுமோ என்ற பயத்தை உன்னிடம் மட்டும் சொன்னேன். "நானும் வாரேன். ரெண்டு மண்டையையும் பாத்துருவோம்" என்றாய். மதுரைக்குப் பஸ் ஏறினோம். கொடைரோடு தாண்டும்வரை டாக்டரிடம் கேட்கவேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

முதலில் நீ உள்ளே போனாய். வெளியே வந்ததும் என் காதருகே குனிந்தாய். "குடை, கொய்யா, தபால், யானை, சுண்ணாம்பு. அஞ்சே அஞ்சுதான். உருப்போட்டுக்க." தேர்வறையில் பிட்டுப் பிடித்தே ஓய்வுபெற்ற இரண்டு வாத்தியார்கள்! டாக்டரம்மா எனக்குத் தந்ததோ வேறு ஐந்து சொற்கள். செத்த நேரம் கழித்துக் கேட்டபோது பதற்றத்தில் உன்னுடையதை ஒப்பித்துவிட்டேன். "சார், இது முன்னாடி வந்த சாரோட பட்டியலாச்சே?" என்றார் அவர்.

பிறகு இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். மறதிநோயில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிந்திருக்கிறதா என்று காட்டும் ஸ்கேன் அது. எனக்குப் படிவு இல்லை. உனக்கு நிறையவே இருந்தது. ஆனால் ஞாபகத்தில் நீதான் முழு மதிப்பெண். படிவு இருந்தாலும் மறதி வந்தே தீரும் என்றில்லை, பயத்தாலும் மறக்கும் என்று டாக்டரம்மா விளக்கினார். எனக்குத் துணைவந்த உனக்கு இதைத் தேடிக்கொடுத்துவிட்டேனே என்று உன் முகத்தைப் பார்க்கக் கூசினேன். நீ பஸ் ஸ்டாண்டில் பருத்திப்பாலை உறிஞ்சியபடி, "ஏலே, சுத்தமான மண்டைய வச்சுக்கிட்டு நீ ஃபெயிலு. அம்புட்டு அழுக்கோட நான் பாஸு!" என்று சிரித்தாய்.

அப்புறம் நீ ஒரு சொல்லுக்குத் தயங்கினாலும் உன்னையே உற்றுப் பார்ப்பேன். "என்னப்பு, இன்னும் பரீட்சை முடியலையா?" என்பாய். நான்கு வருடம் கழித்து உன் இதயம்தான் நின்றது. முந்தின மாலைகூட, நாம் ஒன்றாகப் படித்த பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் வாங்கிய மார்க்கைச் சரியாகச் சொல்லிக் கேலி செய்தாய்.

இன்று ஐந்தில் நான்கு சொன்னேன். வயதுக்கு நல்லதுதானாம். ஐந்தாவதைத் தேடும்போது, கேட்காமலே கொய்யா வாயில் வந்துவிட்டது. நான் சிரித்ததில் அதே டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"அந்த சாரோட பட்டியல் இன்னும் மறக்கலையா?"

"இல்லம்மா" என்று சொல்லிக்காட்டினேன். குடை, கொய்யா, தபால், யானை, சுண்ணாம்பு. வரிசை பிசகவில்லை.